வேல் வரைந்த அட்டை

கோவிந்தம்மாளின் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தது நான்தான். எடுத்தேன் என்பதைவிடத் திருடினேன் என்று சொல்வதுதான் சரி. அவளுடைய கணவர் க்ளூக்கோஸ் வாங்கக் கீழே போயிருந்தார். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த மஞ்சள் துணிப்பையில் ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், ஒரு சீப்பு, எக்ஸ்ரே உறை எல்லாவற்றுக்கும் நடுவில் அது இருந்தது. என் கையால் வரைந்த வேல், அதற்குக் கீழே மாத்திரைக்கு அடையாளமாக ஒரு வட்டம். மடித்து வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டு, நாடி பார்க்க வந்தவள் மாதிரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பத்தொன்பது வருஷம் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவளின் லட்சணம் இது.

என் பெயர் பிரிஸில்லா. திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகும் வழியில் இருக்கும் எங்கள் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியர். மருந்துக்கடைப் படிப்பா என்று என் சித்தப்பாவே கேட்டிருக்கிறார். இல்லை. ஒரு மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, உடம்பு அந்த மருந்தை என்ன செய்கிறது, எவ்வளவு வரைக்கும் அது மருந்து, எவ்வளவுக்கு மேல் விஷம், இதையெல்லாம் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாகவே சொல்லிக்கொடுப்பேன். அந்த விஷயத்தில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. வந்த வினையே அதுதான்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை உண்டு. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். நம் ஜனங்களுக்கு மாத்திரை என்றாலே காலை, மதியம், ராத்திரி. வாரத்துக்கு ஒன்று என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்த் தினம் ஒன்று விழுங்குவார்கள். அப்படி விழுங்கினால் ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்திவிடும். வாயும் குடலும் புண்ணாகும். சாதாரணக் காய்ச்சல்கூட ஆளைக் கொண்டுபோய்விடும். படித்தவர்கள்கூடச் செய்கிற தப்பு இது. இதைத் தடுப்பதற்குத்தான் என் ஆராய்ச்சி.

ஆராய்ச்சி என்றால் எலி, குழாய் எல்லாம் இல்லை. வெறும் அட்டை. மாத்திரையை எழுதிக்கொடுப்பது மருத்துவப் பிரிவு, புரியவைப்பது நான். நோயாளியிடம், வாரத்தில் எந்த நாளை நீங்கள் மறக்கவே மாட்டீர்கள் என்று கேட்பேன். ஆராதனைக்குப் போகிறவர் ஞாயிறு என்பார், அட்டையில் சிலுவை வரைவேன். சந்தைக்குக் காய் ஏற்றுகிறவருக்குக் கூடை. முருகனுக்குச் செவ்வாய் விரதம் இருக்கிறவர்களுக்கு வேல். எழுத்தே கிடையாது, படம்தான். ஏழு மாதத்தில் அறுபது பேருக்குக் கொடுத்தேன், ஒருவர்கூடத் தவறவில்லை. சென்னையில் ஒரு மாநாட்டில் கைதட்டினார்கள். டிசம்பரில் பல்கலைக்கழகத்தில் முழு ஆராய்ச்சியையும் வைக்க வேண்டும். அது ஒழுங்காக முடிந்தால் துறைத் தலைவர் நாற்காலி எனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் பேசிக்கொண்டேன்.

கோவிந்தம்மாள் பள்ளிப்பட்டுக்காரி. நாற்பத்தாறு வயது. வீட்டில் தறி. விரல்கள் மடங்கிப்போய் இழைக்கு முடிச்சுப் போட முடியாமல் மார்ச் மாதத்தில் எங்களிடம் வந்தாள். எந்த நாள் மறக்காது என்று கேட்டேன்.

"தறியில உக்காந்தா இன்னிக்கி இன்னா கெழமன்னே தெரியாதுங்க டாக்டரம்மா. செவ்வாக்கெழம மட்டும் தெரியும். முருகனுக்கு வெரதம்."

"அப்போ வெரதம் இருக்கிற அன்னிக்கி இத போட்டுக்குங்க. சாயந்தரம் வெரதம் விட்டதும் ஒண்ணு. மத்த நாள் தொடக்கூடாது. எங்க, நான் சொன்னத நீங்க சொல்லுங்க பாப்போம்."

"வெரதம் இருக்கிற அன்னிக்கி ஒண்ணு. மத்த நாளு தொடக்கூடாது."

நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும் என்பது நான் வகுப்பில் சொல்கிற பாடம். அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். நான் எதிரில் இருந்த யுவஸ்ரீயைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். யுவஸ்ரீ என்னிடம் ஆய்வு செய்யும் முதுநிலை மாணவி. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், கிழமையையும் எழுதிடலாமா?"

"எழுதி? அந்தம்மா படிக்கவா போறாங்க? கிழமை எழுதினா அது எல்லா ஆஸ்பத்திரியிலயும் கொடுக்கிற சீட்டு. அதுக்கு நாம எதுக்கு?"

அவள் பேனாவை மூடிக்கொண்டாள். அவள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியது நான்.

இன்னொரு காரியமும் செய்தேன். ஒரு மாத மாத்திரைதான் கொடுப்பது வழக்கம். பாவம், பள்ளிப்பட்டிலிருந்து பஸ் மாறி வருகிறாளே என்று ஒவ்வொரு தடவையும் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். அதுவும் என் கருணைதான். யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் கந்த சஷ்டி புதன்கிழமை தொடங்கித் திங்கட்கிழமை முடிந்தது. எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனால் வீடு மலையடிவாரத்தில். அரோகரா சத்தத்தில் தூங்கி எழுந்து வளர்ந்தவள் நான். மற்ற கோயில்களில் ஆறாம் நாள் சூரனை வதம் செய்வார்கள். இங்கே சாமிக்குக் கோபம் தணிந்த இடம் என்பதால் அது கிடையாது, பூவைக் கொட்டி அர்ச்சனை செய்வார்கள். அந்தத் திங்கட்கிழமை பூ ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் காரில் மாட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்தி அழுத்தி வைதேன். விரதம் இருந்து வாடிய முகங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. நான் வரைந்த பதினோரு வேல்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ளவே முடியாதபடி எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது.

அதற்கு இரண்டாம் நாள், புதன்கிழமை காலை மருத்துவ வார்டிலிருந்து நிர்மலா கூப்பிட்டாள். வார்டைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர், என் பழைய மாணவி.

"மேடம், உங்க ஸ்டடி பேஷண்ட் ஒருத்தங்க அட்மிட் ஆகியிருக்காங்க. வாய் முழுக்கப் புண்ணு, காய்ச்சல். வெள்ளை அணு தொள்ளாயிரம்தான் இருக்கு. மாத்திரைய தினமும் போட்டுட்டாங்க."

நாலாயிரத்துக்குக் குறையக்கூடாத எண்ணிக்கை அது. ஓடினேன்.

கோவிந்தம்மாளின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. பக்கத்தில் அவள் கணவர் தணிகைமணி நின்றுகொண்டு, போகிற வருகிற நர்ஸிடமெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டு நாளு எட்டு மாத்திர முழுங்கிகீது மேடம். வாரத்துக்கு ஒண்ணுன்னு சின்னப் புள்ளைக்கி சொல்ற மாதிரி சொல்லி அனுப்பியிருக்கீங்க. இது மண்டையில ஏறணுமே. படிக்காத ஜென்மம்."

நான் குனிந்து கேட்டேன். "எப்பெப்போ போட்டீங்கம்மா?"

பேசும்போது வாய் எரிந்தது போலும். விரலைக் காட்டி எண்ணினாள். "செவ்வா. அப்பால சஷ்டி ஆறு நாளு. அப்பால மறுபடி செவ்வா. வெரதம் அன்னிக்கிதாங்க போட்டேன். மத்த நாளு தொடவே இல்ல."

"சஷ்டிக்கு வருஷா வருஷம் இருப்பீங்களா?"

"இல்லீங்க. இந்த வருஷந்தான். உங்க மாத்திரையில வெரலு நிமிந்திச்சில்ல. கைய திருப்பிக் குடுத்தானேன்னு வேண்டிகினேன்."

நானும் விரல் விட்டு எண்ணினேன். செவ்வாய், ஆறு நாள் சஷ்டி, மறுபடியும் செவ்வாய். நான் சொன்னதை அவள் சொன்னபடியே செய்திருக்கிறாள். அதுவும் பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், பொழுது சாய்ந்த பிறகு ஒரு டம்ளர் பாலோடு. இந்த மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். தண்ணீர் இல்லாமல் அது வறண்டு கிடக்கிற நாளாகப் பார்த்து மருந்தை உள்ளே அனுப்ப நான் ஏற்பாடு செய்திருக்கிறேன். இரண்டாம் வருஷப் பிள்ளை எழுதினால் சுழித்துப் பூஜ்யம் போட்டிருப்பேன். எங்கள் வீட்டில் என் அம்மா லெந்து என்னும் தவக்காலத்தில் நாற்பது நாள் உபவாசம் இருப்பார். அவர் கையில் இந்த அட்டையைக் கொடுத்திருந்தால் நாற்பது மாத்திரை.

நிர்மலா கேஸ் ஷீட்டைக் காட்டினாள். நோயாளியின் தவறு என்று எழுதியிருந்தாள். "சரிதானே மேடம்?" என்றாள்.

"முதல்ல முறிமருந்த ஆரம்பி" என்றேன்.

இந்த மாத்திரைக்கு ஒரு முறிமருந்து உண்டு, ஊசியாகப் போட வேண்டும். எங்கள் மருந்தகத்தில் ஒரு நாளைக்குத்தான் இருந்தது. தணிகைமணி கீழே க்ளூக்கோஸ் வாங்கப் போன ஐந்து நிமிஷத்தில்தான் அட்டையை எடுத்தேன். அதன் பிறகு நானே காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய், மிச்ச ஊசிகளை வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தேன். தணிகைமணி இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார்.

"தெய்வம் மாதிரி வந்தீங்க மேடம்" என்றார். அட்டை கோட்டுப் பையில் இருந்தது.

மறுநாள் மற்ற வேல் அட்டைக்காரர்கள் பத்துப் பேரையும் ஃபோனில் பிடித்தேன். இதையாவது நான் தள்ளிப்போடவில்லை. எட்டுப் பேர் சஷ்டி விரதம் இருக்கவே இல்லை. ஒருவர் விரதம் இருந்திருக்கிறார், மாத்திரையைத் தீர்த்துவிட்டுக் மறுபடி வாங்க வராமல் விட்டிருக்கிறார். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன். கே.ஜி.கண்டிகை டீக்கடைக்காரர் ஒருவர் இரண்டு நாள் போட்டு, நாக்கு எரிகிறதே என்று நிறுத்தியிருக்கிறார். அவரை வரச் சொல்லி ரத்தம் பார்த்தோம், தப்பித்தார். எல்லோரிடமும் "செவ்வாய்க்கிழமை மட்டும்தான், வேற எந்த விரதத்துக்கும் கிடையாது, பழைய அட்டையைக் கொண்டுவந்து கொடுத்துட்டு புதுசு வாங்கிக்குங்க" என்று சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

யுவஸ்ரீ எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஃபோனை வைத்ததும், "கோவிந்தம்மா அட்டை, மேடம்?" என்றாள்.

"கிடைக்கல. தொலைஞ்சிருக்கும்."

"நேத்து காலையில அந்த மஞ்சப் பையில இருந்திச்சி மேடம். நான் பாத்தேன்."

நான் கம்ப்யூட்டரில் எதையோ தேடினேன். அவள் ஒரு தாளை என் மேசைமேல் வைத்தாள். மருந்தால் தீங்கு நேர்ந்தால் நிரப்ப வேண்டிய படிவம் அது. பெயர், வயது, மருந்து, அளவு எல்லாம் நிரப்பியிருந்தாள். காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"அத நீங்களே எழுதிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். படிவத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினேன்.

எனக்கு என்ன பயம் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. வேலை போகாது. ஜெயிலுக்கும் போக மாட்டேன். டிசம்பர் மேடை போகும், நாற்காலி போகும், நிர்மலா மாதிரிப் பிள்ளைகள் என்னைப் பார்க்கிற பார்வை போகும். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு ஆபத்து நீங்கியாயிற்று, கோவிந்தம்மாளுக்கு மருந்து ஏறுகிறது, இனிமேல் உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் தினம் வார்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. போனால் அங்கே இருக்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் போனபோது தணிகைமணியின் ஃபோனில் மகள் தேவகி பேசிக்கொண்டிருந்தாள். நகரியில் கட்டிக்கொடுத்த பெண். ஸ்பீக்கரில் வார்டு முழுக்கக் கேட்டது. "பைத்தியமாம்மா உனுக்கு? டாக்டரு சொன்னா காதுல வாங்க மாட்டியா? எங்க மாமியாரு கேட்டு சிரிக்கிறாங்க. ஊரெல்லாம் இதே பேச்சு." கோவிந்தம்மாள் புண்ணான வாயைத் துணியால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகு குலுங்கியது.

என்னைப் பார்த்ததும் கையை நீட்டி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, என்னால உங்க பேரு கெட்டுப்போச்சி. நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. எனுக்குத்தான் புத்தி இல்ல. மன்னிச்சிக்கங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மனசுல வச்சிக்காதீங்க" என்றேன்.

மன்னித்துவிட்டேன். என் தப்புக்கு அவளை நான் மன்னித்துவிட்டேன், அதுவும் பெருந்தன்மையாக, தோளைத் தட்டிக்கொடுத்து. வராந்தாவுக்கு வந்து கைகழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆயா வந்து, "மேடம், தண்ணி வேஸ்ட்டாவுது" என்று மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன். சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்வது எளிது. எல்லா வாயும் ஒன்றாக அசைகிறது, யார் பாவம் எது என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு எனக்கு வாய் அசையவில்லை. பாதியில் எழுந்து காரை எடுத்துக்கொண்டு நேரே வார்டுக்கு வந்தேன்.

வார்டு வாசலிலேயே நிர்மலாவின் சத்தம் கேட்டது.

"உங்களுக்குப் புரியுதா இல்லையா? வெள்ளை அணு எழுநூறுக்கு இறங்கியிருக்கு. இனிமேதான் ஏற ஆரம்பிக்கும். இந்த நேரத்துல அந்தக் கூட்டத்துக்குள்ள கூட்டிக்கினு போயி, தலையில கத்தி வச்சி, ஒரு கீறல் விழுந்தா போதும். ஆளு திரும்ப வர மாட்டாங்க."

தணிகைமணி கையில் டிஸ்சார்ஜ் தாள் இருந்தது. நாங்களாகவே விரும்பி அழைத்துச் செல்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. என்னைக் கண்டதும் கட்டிலைக் காட்டினார். தலையணை முழுக்க முடி. கோவிந்தம்மாளின் கையில் ஒரு கொத்து முடி இருந்தது. இழுக்காமலே வந்ததாம்.

"பாத்தீங்களா மேடம். சாமி முடி கேக்குது. வெரதத்துல மாத்திர முழுங்கி வெரதத்தயே கெடுத்துடுச்சி. சாமி குத்தம். நாளைக்கி காலையில மலைக்கி இட்டுக்கினு போயி மொட்ட போட்டு மன்னிப்பு கேட்டுட்டா எறங்கிடும். ஊசியில எறங்காது இது."

"முடி கொட்டுறதும் அந்த மாத்திரையாலதாங்க. அதிகமாப் போனா கொட்டும். திரும்ப முளைக்கும்" என்றேன்.

"மாத்திர அதிகமாப் போனதே சாமி குத்தந்தானே மேடம்?"

கோவிந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். "போலாங்க டாக்டரம்மா. தப்பு பண்ணவ நானு. நாந்தான் போயி கேக்கணும். இங்க படுத்துகினு இருந்தா முருகன் வுட மாட்டான்."

நான் எலும்பு மஜ்ஜையைப் பற்றிச் சொன்னேன். கிருமியைப் பற்றிச் சொன்னேன். இன்னும் நாலைந்து நாள் பொறுத்தால் எண்ணிக்கை ஏறிவிடும், பிறகு தாராளமாக மொட்டை போடலாம் என்றேன். நூற்றைம்பது பிள்ளைகளை மைக் இல்லாமல் கட்டிப்போடுகிற என் பேச்சு அந்த ஒரு கட்டிலைத் தாண்டவில்லை. அவர்களுக்கு வேண்டியது பாடம் இல்லை. தப்பு செய்தது யார் என்கிற கேள்விக்கு அவர்களிடம் ஒரு பதில் இருந்தது, அந்தப் பதில் அவளை மலைக்குக் கூட்டிப்போகிறது. அதை மாற்றக்கூடியது என் வீட்டில், ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டின் பையில் இருந்தது என்று சொல்ல ஆசைதான். அது வீட்டில் இல்லை. வியாழக்கிழமையிலிருந்து அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் நடந்துகொண்டிருந்தேன். ஆராதனைக்கும் அதோடுதான் போனேன்.

கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்.

"சாமி குத்தம் இல்லீங்க. அவங்க குத்தமும் இல்ல. என் குத்தம்."

தணிகைமணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா மேடம், அது அழுவுதேன்னு நீங்க எதுக்கு..."

"அழுவுறாங்கன்னு சொல்லல. நடந்தத சொல்றேன். இந்த அட்டைய பாருங்க. இதுல செவ்வாய்க்கிழமைன்னு இருக்கா? கிடையாது. வேலுதான் இருக்கு. வெரதம் இருக்கிற அன்னிக்கி ஒண்ணு போடுங்கன்னு சொன்னது நானு. கிழமைய எழுதலாம்னு என் மாணவி சொன்னா. நான் வேணாம்னுட்டேன். சஷ்டி வரும்னு இந்த ஊர்ல பொறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். நெனைக்கல. அவங்க எட்டு நாளும் நான் சொன்னத அப்படியே செஞ்சிருக்காங்க. ஒரு நாள்கூடத் தப்பாப் போடல."

நிர்மலா என்னைப் பார்த்தாள். நான் பயந்த பார்வை அதுதான். அது வந்துவிட்டது, நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

கோவிந்தம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இத நான் தேடுனேனே" என்றாள். "இவருகிட்ட காட்டலாம்னு பையக் கொட்டித் தேடுனேன். வேலு போட்டிருந்தாங்கன்னு சொன்னா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பொய் சொல்றேன்னாரு. எங்க இருந்திச்சி இது?"

"நான்தான் எடுத்தேன். புதன்கெழம. நீங்க தூங்கும்போது."

"எதுக்குங்க?"

"பயந்துட்டேம்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அட்டையில் இருந்த வேலை விரலால் தடவினாள். என் மாத்திரையால் நிமிர்ந்த விரல்.

"அட்ட தப்பா போச்சி, சரி. ஆளுன்னா தப்பு வரும்" என்றாள். "நாலு நாளா அழுதுகினு கெடந்தேனே. தெனம் வந்து பாத்துகினுதானே இருந்தீங்க? மன்னிச்சிக்கங்கன்னு நான் கேட்டப்போகூட இத சொல்ல வாயத் தொறக்கலியே."

அட்டைக்கு நூறு சமாதானம் சொல்லலாம். அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

தணிகைமணி டிஸ்சார்ஜ் தாளை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "அப்போ மலைக்கி?" என்று கேட்டார்.

"ஒடம்பு தேறுனப்பறம் போலாம். போயி நன்றிதான் சொல்லணும். மன்னிப்பு கேக்க நான் இன்னா பண்ணேன்?" என்றாள். பிறகு அவரை முதல் தடவையாக நேரே பார்த்தாள். "கேட்டுக்கினியா நீ? நான் தப்பா போடல."

"ஆங்" என்றார் அவர். நிர்மலா அவர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததென்று நினைத்து நான் அட்டைக்குக் கையை நீட்டினேன். படிவத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். காலிக் கட்டத்தில் எழுத வேண்டியது இப்போது தெளிவாகத் தெரிந்தது. கோவிந்தம்மாள் அட்டையை என்னிடம் தரவில்லை. மடியில் செருகிக்கொண்டாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டுங்க. வேணும்னா ஃபோட்டோ புடிச்சிக்குங்க" என்றாள். பிறகு கணவரிடம், "தேவகிக்கு ஃபோன் போடு" என்றாள்.

அவர் போட்டார். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் அவள் ஃபோனை அவரிடமிருந்து வாங்கி, ஸ்பீக்கரை அழுத்தி, என் பக்கம் நீட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க டாக்டரம்மா. எங்கிட்ட சொன்னத அப்டியே அவகிட்ட சொல்லுங்க. அவ மாமியாரையும் பக்கத்துல வச்சிக்கச் சொல்லி சொல்லுங்க."

"ஆங், சொல்லு நைனா" என்றது ஃபோன். "அம்மா எப்டி கீது? இன்னிக்காவது சொன்னத கேக்குதா?"

ஃபோனை வாங்கிக்கொண்டேன்.

"நைனா? யாரு பேசுறது?"

டாக்டர் என்று சொல்ல வாய் வந்தது. பேராசிரியர் என்று சொல்லவும் வந்தது.

"உங்கம்மா எல்லாத்தையும் சொன்னபடிதாம்மா கேட்டாங்க" என்றேன். "அவங்களுக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்தவ பேசுறேன்."